கிணற்றுக்குள் கதிரவன்: பாரதியின் புதுவை ஆண்டுகள்

1910ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதிக்கு வயது 27. அதற்குச் சிறிது காலம் முன்புவரை அவர் எழுத்து வாரந்தோறும் தமிழ்நாட்டின் ஊர்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்த வழி அவ்வாண்டில் அடைபட்டது. ‘இந்தியா’ நின்றது, ‘விஜயா’ நின்றது, அவர் கை வைத்த மற்ற ஏடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லைக்கு அப்பால் ஆங்கில அரசின் சிறை காத்திருந்தது. எல்லைக்கு இப்பால் அவ்வரசின் ஒற்றர்கள் காத்திருந்தனர். மனைவியும் இரு பெண் குழந்தைகளும் அவரை நம்பியிருந்தனர். வருவாய் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

இந்த நிலையில் ஒரு மனிதன் கசந்து போயிருக்கலாம். அல்லது உலகைத் துறந்து மௌனத்தில் ஒடுங்கியிருக்கலாம். பாரதி இரண்டும் செய்யவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் காக்கையைப் பாடினார், காற்றைப் பாடினார், வீட்டு வேலை செய்யும் சேவகனிடத்தே கடவுளைக் கண்டு பாடினார். பாரதியின் வாழ்க்கையை நாட்டு விடுதலையின் வரலாறாகப் படித்துத் தமிழுலகம் பழகியிருக்கிறது. அது பொருத்தமானதே. ஆயினும் அதற்கு அடியில் இன்னொரு வரலாறும் ஓடுகிறது. சிறு வயதிலேயே பறிபோன ஒரு வியப்பு, எல்லாம் பறிபோன இடத்தில் மீண்டு வந்த வரலாறு அது.

அந்த இழப்பு எட்டயபுரத்தில் தொடங்கியது. 1882 டிசம்பர் 11இல் பிறந்த குழந்தை ஐந்து வயதில் தாய் இலக்குமி அம்மாளை இழந்தது. தந்தை சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் நாட்டம் மிக்கவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நடத்த முனைந்தவர். மகனும் கணக்கில் வல்லவனாகி, ஆங்கிலம் கற்று, உயர்ந்த பதவியில் அமர வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒத்த வயதுச் சிறுவர்கள் தெருவில் ஓடி விளையாடியபோதும் மரத்தில் ஏறிக் குதித்தபோதும் இந்தச் சிறுவன் தனியே நின்றான். அந்தத் தனிமையைப் பிற்காலத்தில் அவரே பாட்டில் பதிவு செய்திருக்கிறார். விளையாட்டு மறுக்கப்பட்ட பிள்ளைக்குச் சொல் விளையாட்டாயிற்று. பதினொரு வயதில் புலவர் அவையில் பாடிப் பாரதி என்னும் பட்டத்தைப் பெற்றான்.

பின்னர்த் திருநெல்வேலியில் ஆங்கிலப் பள்ளி. 1897இல் திருமணம், மணமகள் கடையத்துச் செல்லம்மாளுக்கு அப்போது வயது ஏழு. அடுத்த ஆண்டு தந்தை மறைந்தார். அதற்குள் ஆலை முயற்சி முறிந்து செல்வம் கரைந்து போயிருந்தது. 1910இல் புதுவையிலிருந்து ‘கனவு’ என்ற பெயரில் வெளிவந்த தன்வரலாற்றுப் பாடலில் பாரதி இவற்றையெல்லாம் திரும்பிப் பார்க்கிறார். ஆங்கிலப் பள்ளி தமக்குக் கம்பனையும் காளிதாசனையும் காட்டாமல் எண்ணையும் இலக்கணத்தையும் ஊட்டியது என்பதும், தந்தையின் பணத்தைத் தின்று மகனின் உள்ளத்தை வறளச் செய்தது என்பதும் அதில் அவர் கூறும் குறைகள். எல்லாம் அடைபட்ட அந்த ஆண்டில் அவர் பழைய கணக்கை எடுத்துப் பார்த்ததும், அதில் எழுதப்பட்டிருந்த முதல் நட்டம் செல்வமன்று, வியக்கும் உள்ளமே என்று கண்டதும் கருதத்தக்கன.

தந்தை மறைந்தபின் காசிக்குச் சென்று அத்தையின் வீட்டில் தங்கிப் படித்தார். வடமொழியும் இந்தியும் பயின்றார். தலைப்பாகையும் மீசையும் அங்கே அவரோடு சேர்ந்தன. எட்டயபுரத்துக்குத் திரும்பி, அரண்மனைப் பணியில் சிலகாலம் இருந்து, 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றி, அவ்வாண்டு இறுதியில் சென்னையில் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராக அமர்ந்தார். வங்கப் பிரிவினையால் எழுந்த சுதேசி அலை அவரை அள்ளிக்கொண்டது. சகோதரி நிவேதிதையைச் சந்தித்த பிறகு நாடே அவருக்குப் பராசக்தியின் வடிவமாகத் தோன்றியது. 1908இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார்.

அக்காலத்தில் அவருக்கு இறையுணர்வு இல்லாமலில்லை, பொங்கி வழிந்தது. ஆனால் அப்போது அவர் கண்ட தெய்வம் பேருருவம் கொண்டது. முப்பது கோடி முகங்களோடு வடக்கே இமயத்திலும் தெற்கே குமரியிலும் நின்றது. அதனைக் காண மேடை வேண்டும், கூட்டம் வேண்டும், அச்சுப்பொறி வேண்டும். அத்தெய்வம் தெருமுனையிலும் வீட்டுக் கூரையிலும் நிற்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கச் சென்னை வாழ்க்கை நேரம் தரவில்லை.

1908இல் ‘இந்தியா’வின் சட்டப்படியான ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அடுத்துத் தம்மையே பிடிப்பார்கள் என்பதை உணர்ந்த பாரதி, நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே ‘இந்தியா’ அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அதனைத் தடுத்தது. படிப்பவர்களிடம் சென்று சேராத ஏடு எத்தனை நாள் நிற்கும்? 1910 மார்ச்சில் நின்று போயிற்று. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சித் தலைவர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கண்காணிப்பு மேலும் கடுமையாயிற்று. புதுவையில் தங்கியிருந்த தேசபக்தர்களுடன் பழகுவதற்கே பலர் அஞ்சினர். அஞ்சல் வழியில் கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்பட்டன.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பார்கள். வாடகை கேட்க வருவார். பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பார். வாடகையைக் கேளாமலே திரும்பிப் போவார் என்று அக்காலத்தில் பாரதியோடு பழகியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். முத்தியாலுப்பேட்டையில் கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு ஒன்று இருந்தது. வீட்டில் இருக்க மனமில்லாத நாள்களில் பாரதி அங்கே போய் அமர்வார். ‘குயில் பாட்டு’ அந்தத் தோப்பின் கொடை. கடற்கரை இருந்தது. தெரு இருந்தது. கூரையும் அதன்மேல் காக்கைகளும் இருந்தன. பரந்த நாடு முழுவதையும் பார்த்துப் பேசிய மனிதருக்கு இப்போது மிஞ்சிய உலகம் இவ்வளவே.

இந்தச் சிற்றுலகைப் பார்க்கும் கண்ணை அவருக்குத் தந்தவற்றில் வேதப் பயிற்சி ஒன்று. 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் புதுவை வந்து சேர்ந்தார். வ.வே.சு. ஐயரும் அவ்வாண்டே வந்தார். மாலை நேரங்களில் அரவிந்தர் இல்லத்தில் கூடிப் பேசுவது வழக்கமாயிற்று. பாரதி வேத ரிஷிகளின் பாடல்கள் சிலவற்றைத் தமிழாக்கினார். பதஞ்சலி யோக சூத்திரத்தையும் பகவத் கீதையையும் மொழிபெயர்த்தார். அந்தப் பழம்பாடல்களில் அவரைக் கவர்ந்தது தத்துவம் மட்டுமன்று. விடியலைக் கண்டதும் அதனோடு பேசத் தொடங்கிவிடும் மனம், அடுப்பில் எரியும் தீயை விருந்தினனாக வரவேற்கும் மனம், காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மனம் அவரைக் கவர்ந்தது. எட்டயபுரத்துத் தெருவில் தொலைந்த பிள்ளை மனம் அதுவே.

வசன கவிதை என்று பிற்காலத்தார் தொகுத்த பகுதிகளில் காற்றைப் பற்றிய ஒரு காட்சி உண்டு. வீட்டு மாடியிலே தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலில் கட்டி மிஞ்சிய கயிற்றுத் துண்டுகள் இரண்டு தொங்குகின்றன. ஒன்று ஆண், ஒன்று பெண். கந்தன், வள்ளியம்மை என்று பெயர். காற்றில் அவை ஒன்றையொன்று தொட்டும் விலகியும் ஊடியும் கூடியும் ஆடுகின்றன. பாரதி கயிற்றோடு பேசுகிறார். கயிறும் மறுமொழி சொல்கிறது. காற்று நின்றதும் கயிறு செத்ததுபோல் கிடக்கிறது. மீண்டும் காற்று வீசும்போது உயிர் பெறுகிறது. அசைப்பவன் அப்போதுதான் தன்னைத் தெரிவிக்கிறான். உயிர்மூச்சே வாயு தேவன் என்னும் வேதக் கருத்துக்குப் பாரதி தேடிப்போன உவமை பந்தலில் எஞ்சிய கயிறு. வேலையற்ற ஒருவர் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்திருந்தாலன்றிக் கண்ணில் படக்கூடிய பொருளன்று அது. நாடு கடந்த வாழ்வு அவர்மீது சுமத்திய ஓய்வை அவர் இப்படிச் செலவிட்டார்.

இந்தப் பார்வைக்குக் குரு என்று அவர் போற்றியவர் புதுவைத் தெருக்களில் திரிந்த குள்ளச்சாமி. பித்தர் போலவும் பிள்ளை போலவும் அலைந்த சித்தர் அவர். ‘பாரதி அறுபத்தாறு’ என்னும் பாடலில் பாரதி தம் குருவைக் குறித்துச் சில நிகழ்ச்சிகளைச் சொல்கிறார். ஒருநாள் பாரதி நண்பர் ஒருவர் வீட்டில் உபநிடத மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். அவ்வேளையில் குள்ளச்சாமி அங்கு வந்தார். பாரதி அவர் கையைப் பற்றிக்கொண்டு, தாங்கள் யார், தங்கள் உண்மை என்ன என்று கேட்டார். சாமி கையை உதறிவிட்டு ஓடினார், பாரதி துரத்தினார். பாழ்வீடு ஒன்றின் கொல்லையில் அவர் மீண்டும் பிடிபட்டார். அப்போது அவர் ஒன்றும் உரைக்கவில்லை. அங்கிருந்த குட்டிச்சுவரைக் காட்டினார். வானத்துக் கதிரவனைக் காட்டினார். கிணற்றுக்குள் தெரிந்த கதிரவனின் நிழலைக் காட்டினார். விளங்கிற்றா என்று கேட்டார். விளங்கிற்று என்றார் பாரதி. சாமி மகிழ்ந்து போய்விட்டார்.

சுவரைப்போல் அசையாதிருந்தால், கிணற்றில் கதிரவன் தெரிவதுபோல் உள்ளே இறைவன் தெரிவான் என்பது பாரதி கொண்ட பொருள். அப்பொருளோடு இன்னொன்றும் எண்ணத்தக்கது. உபநிடத ஏடு மேசைமேல் விரிந்து கிடக்கிறது. அதன் விளக்கமோ இடிந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் கிடைக்கிறது. அதற்கு வேண்டிய பொருள்கள் குட்டிச்சுவரும் கிணறும் மட்டுமே. இவை எந்த ஊரில் இல்லை? இதே சாமி பிறிதொரு நாள் அழுக்குக் கந்தை மூட்டையைச் சுமந்து வந்தார். இது என்ன பைத்தியம் என்று பாரதி கேட்டார். தாம் வெளியே சுமப்பதைப் பாரதி உள்ளே சுமந்துகொண்டிருப்பதைச் சாமி சுட்டிக் காட்டினார். பழைய நாள்களின் நினைவுகளையும் பகையையும் இழப்புக் கணக்குகளையும் சுமந்துகொண்டிருப்பவன் எதிரே நிற்கும் மரத்தைக்கூடக் காண்பதில்லை என்பதே அதன் கருத்து. வியப்பு மீள்வதற்கு முன்பு மூட்டை இறங்க வேண்டியிருந்தது.

இவ்வாறு மீண்ட வியப்பின் முதிர்ந்த கனி ‘கண்ணன் பாட்டு’. பரலி சு. நெல்லையப்பர் அதனை 1917இல் வெளியிட்டார். 23 பாடல்கள். கண்ணன் தோழனாகிறான், தாயாகிறான், தந்தையாகிறான், அரசனாகிறான், குருவாகிறான், காதலனாகிறான், பெண்ணாகிக் கண்ணம்மாவாகிறான். கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியவர் பெரியாழ்வார். நாயகனாக்கித் தம்மை நாயகியாக்கிக்கொண்ட மரபும் ஆழ்வார்களிடம் உண்டு. பாரதி அம்மரபைத் தொட்டுக்கொண்டே அதற்கு அப்பாலும் போனார். கண்ணனைத் தம் சீடனாக்கினார். அதற்கும் மேலே சேவகனாக்கினார்.

சேவகப் பாடல் தொடங்குவது ஒரு குடும்பத் தலைவனின் அலுப்பில். கூலி மிகுதியாகக் கேட்கும் வேலையாள்கள், நாள்தோறும் புதுப்புதுச் சாக்குகள், வீட்டுச் செய்தியை ஊருக்கெல்லாம் சொல்லும் வாய்கள். எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கக்கூடிய புலம்பல் இது. அப்போது இடைச்சாதி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து வேலை கேட்கிறான். கூலி பெரிதில்லை என்கிறான். வந்த நாளிலிருந்து வீடு மாறிவிடுகிறது. நண்பனாக, அமைச்சனாக, ஆசிரியனாக அவன் வளர்ந்துகொண்டே போகிறான். மதுரையில் வந்தி என்னும் கிழவிக்காகப் பிட்டுக்கு மண் சுமந்தான் சிவபெருமான் என்றும், சுந்தரருக்காகப் பரவையிடம் தூது நடந்தான் என்றும் சொல்லி மகிழ்ந்த மரபு தமிழ் மரபு. ஆயினும் அவை புராண காலத்து நிகழ்ச்சிகள். பாரதி அதனை வாடகை பாக்கி இருக்கும் ஒரு வீட்டுக்குள் அழைத்து வந்தார். அம்மாக்கண்ணு என்னும் பணிப்பெண் அந்த வீட்டில் உழைத்தவள் என்பதை அக்கால நினைவுகளில் காண்கிறோம். உழைக்கும் ஒருவரை நாள்தோறும் அருகிருந்து கண்ட கண்ணுக்கே இப்பாடல் வாய்த்தது.

கண்ணன் பாட்டுக்கு வெளியே, ஐம்புல அனுபவங்களையே வழிபாடாக்கிய சிறு பாடல் ஒன்றும் அவருடையது. காக்கையின் கருஞ்சிறகு, மரங்களின் பசுமை, காதில் விழும் ஓசை, விரலைச் சுடும் நெருப்பு என்று அதில் வரும் பொருள்கள் நான்கே. கண்ணும் காதும் தோலும் உடைய எவருக்கும் எந்நாளும் கிடைப்பவை. கோயிலுக்குப் போக வழியில்லாத ஒருவரும் அப்பாட்டைப் பாடி வழிபடலாம்.

எனினும் அந்த நாள்களை ஒரே ஒளியாகத் தீட்டிக் காட்டுவது பாரதிக்குச் செய்யும் நியாயமாகாது. 1915இல் அவர் எழுதிய ‘சித்தக் கடல்’ என்னும் நாட்குறிப்பில் பணக்கவலை இருக்கிறது, உடல் நலக் குறைவு இருக்கிறது, அச்சம் இருக்கிறது, பராசக்தியிடம் முறையீடும் சண்டையும் இருக்கின்றன. அன்றாடம் வியந்த மனிதரே அன்றாடம் கலங்கவும் செய்தார். வியப்பு அவருக்கு நிலையாகக் கைவந்த சொத்தன்று. ஒவ்வொரு காலையும் கடன்காரரின் குரலுக்கும் காக்கையின் குரலுக்கும் நடுவே அதனை மறுபடி ஈட்ட வேண்டியிருந்தது.

அதன் விலையை அவர் மட்டும் கொடுக்கவுமில்லை. சமைப்பதற்கென்று செல்லம்மாள் வைத்திருந்த அரிசியை முற்றத்தில் இறைத்து, சிட்டுக்குருவிகள் கொத்தித் தின்பதைக் கண்டு பாரதி களித்த கதை தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கதையைச் சொல்வோர் பெரும்பாலும் குருவிகளோடு நிறுத்திவிடுவர். முறத்தில் எஞ்சியதைப் பார்த்து நின்றவளின் முகம் அக்கதையில் இடம்பெறுவதில்லை. மீண்டும் அரிசிக்கு வழி தேட வேண்டியவள் அவள். குருவிகளின் பசி தீர்ந்ததில் பாரதி கண்ட கடவுள், குழந்தைகளின் பசி தீர்க்க அண்டை வீட்டுக்கு நடந்த அந்தக் கால்களிலும் இருந்தது. கண்ணனைத் தாயாகவும் சேவகனாகவும் பாடியவர் இதனை அறியாதவர் என்று எண்ண இடமில்லை. அறிந்தும் மாற்றிக்கொள்ள இயலாதவராயிருந்தார் என்பதே பொருந்தும்.

வியப்பு அவரை உலக நடப்பிலிருந்து விலக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. காக்கையும் தம் இனம் என்று கண்டவர் மனிதரில் ஒருவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்க முடியாது. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் புதுவையில் தம் கையாலேயே பூணூல் அணிவித்துக் காயத்திரி உபதேசம் செய்தார். அக்காலத்துப் பிராமண சமூகம் இதனை எப்படிப் பார்த்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கனகலிங்கம் பிற்காலத்தில் தம் குருநாதரைப் பற்றி நூல் எழுதினார். எங்கும் இறைவன் என்ற சொல்லைப் பலரும் சொல்வர். சொன்ன சொல் தம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது அதற்கு வழிவிட்டவர் பாரதி.

இயற்கையின் இனிய முகத்தை மட்டும் வியந்தவரும் அல்லர். 1916 நவம்பரில், நள ஆண்டு கார்த்திகை 8ஆம் நாள் புதன்கிழமை இரவு, புதுவையைப் பெரும்புயல் தாக்கியது. அவ்விரவைக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் பாட்டாகப் பாரதி வடித்தார். அதில் கவிஞனின் பெருமிதம் இல்லை. வீடு இடிந்துவிடுமோ, குழந்தைகள் என்னாவார்களோ என்று நடுங்கும் இருவரின் குரல்கள் இருக்கின்றன. பொழுது விடிந்தபின் தென்னைகள் எங்கும் சாய்ந்து கிடக்க, வறியவன் ஒருவனுடைய சிறுதோப்பு மட்டும் தப்பி நிற்பதைக் கண்டு இன்னொரு பாட்டு எழுந்தது. காற்றைக் கயிற்றில் கண்டு கொண்டாடியவர், அதே காற்றைப் புயலில் கண்டு அஞ்சினார். அஞ்சியபின்னும் அதனைத் தெய்வம் என்றே சொன்னார்.

1918 நவம்பரில் பத்தாண்டுப் புதுவை வாழ்வு முடிவுக்கு வந்தது. எல்லையைக் கடந்ததும் பாரதி கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். சில வாரங்களில் விடுதலை பெற்றுச் செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்குச் சென்றார். ஊரார் அவரை ஏற்கத் தயங்கினர். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் பரப்பத் திட்டமிட்டு நண்பர்களிடம் பொருளுதவி வேண்டினார், அது கைகூடவில்லை. திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தைத் தொட்டுத் தடவி மகிழ்ந்ததும் இக்காலத்து நிகழ்ச்சியே. உடனிருந்தோர் அஞ்சினர், அவர் அஞ்சவில்லை.

1920இல் சென்னைக்குத் திரும்பி மீண்டும் ‘சுதேசமித்திர’னில் அமர்ந்தார். குடியிருந்தது திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழமும் தேங்காயும் கொடுப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. ஒருநாள் மதம் பிடித்திருந்த அந்த யானை, அருகே சென்றவரைத் தள்ளி வீழ்த்தியது. யானையின் காலடியில் கிடந்தவரைக் குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கி வந்து காப்பாற்றினார். யானை தம்மை மிதிக்காமல் விட்டதைப் பாரதி அதன் அன்பாகவே எடுத்துக்கொண்டார் என்பர். பாமரக் கண்ணுக்கு இது பேதைமை. ஆனால் எல்லா உயிரிலும் ஒருவனையே கண்ட மனம், அடிபட்ட அன்றைக்கு மட்டும் வேறு கணக்குப் போடவில்லை.

1921இல் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசக சாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். நலிந்த உடலோடு நின்று அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு அது. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், வயிற்றுக் கடுப்பு நோயால் அவ்வுயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயது நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் மிகச் சிலரே.

செல்லம்மாள் அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. மறு ஆண்டே ‘பாரதி ஆச்ரமம்’ என்னும் பெயரில் கணவரின் பாடல்கள் அச்சேற அவரும் காரணமானார். மூன்று ஆண்டுகளல்ல, முப்பது ஆண்டுகள் கழித்து, 1951இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றிப் பேசினார். உலகம் கொண்டாடும் கவிஞனோடு குடித்தனம் நடத்துவது எத்தகையது என்பதைப் பெருமையும் வருத்தமும் கலந்த குரலில் எடுத்துரைத்தார். இறைத்த அரிசிக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் கேட்ட ஈடு, தம்மையும் ஒருமுறை கேளுங்கள் என்பதாகவே இருந்தது.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு பின்னாளில் நினைவில்லமாக்கப்பட்டது. அங்கே செல்வோர் கையெழுத்துப் படிகளையும் ஒளிப்படங்களையும் காண்கின்றனர். பாரதி அங்கே கண்டவற்றுள் பெரும்பகுதியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க இயலாது. பந்தற்கயிறும் கூரைக் காக்கையும் கொல்லைக் கிணறும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. அடுப்பில் அரிசி வேகிறதா என்று பார்க்கும் கண்ணும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. குள்ளச்சாமி அன்று கேட்ட கேள்வி குட்டிச்சுவரையும் கதிரவனையும் கிணற்று நிழலையும் சேர்த்துக் கேட்ட கேள்வி. பாரதி விளங்கிற்று என்று சொல்லி ஒரே நாளில் முடித்துவிடவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதும், கடனுக்கும் நோய்க்கும் நடுவில், அதற்கு மறுமொழி எழுதிக்கொண்டிருந்தார்.